கோழிக்கறிக்காரன் கூப்பிட்டா போலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு. பெரியம்மா பையன் வாட்ஸப்ல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்குற ஆன்லைன் கேம் பத்தின காமெடி வீடியோ ஒண்ணு அனுப்பினான். கேம் பத்தி ஒண்ணுமே தெரியாது, ஆனாலும் வயிறு வலிக்க சிரிச்சேன். இப்ப தினம் பாப்பா தூங்கினதும் அந்த மாதிரி வீடியோ நாலஞ்சு பாத்துட்டுதான் படுக்குறேன். நாமளே ஆடிப் பாத்தா என்னன்னு தோணுது. வீட்டுக்காரர் "உனக்கு லூடோவே ஒழுங்கா வராது"ங்குறார். காச போட்டு ஏமாந்துடுவேனா? (பெயர் வேண்டாம், மேடவாக்கம்)

பதில்: எந்த வீடியோன்னு நீ எழுதல, ஆனா கோழிக்கறி வீடியோவாதான் இருக்கும்னு பெட் கட்டுறேன். டிராகன் முட்டையா கிடக்குற ரூம் வாசல்ல ஒரு கும்பல் நின்னு யார் எங்க நிக்கணும், பொழைக்க எத்தன பர்சென்ட் சான்ஸுன்னு கணக்கு போட்டுட்டு இருக்கும், இதெல்லாம் காதுல வாங்காம கோழிக்கறி சூடு பண்ணப் போன லீராய் ஜென்கின்ஸ்னு அந்த கும்பல்ல ஒருத்தன் திரும்பி வந்து தன் பேரையே கத்திக்கிட்டு உள்ள ஓடுவான், அவ்ளோதான், மொத்த கும்பலும் காலி. 2005ல வந்தது. அது ப்ளான் பண்ணி நடிச்சதுதான், ஆனாலும் சிரிப்பு கொறையல.

நானும் அப்படி விழுந்தவதான்மா. வடபழனில இருந்தப்ப பிஎஸ்என்எல் பிராட்பேண்ட்ல ராத்திரி 2 மணிலேருந்து காலைல 8 வரைக்கும் எவ்ளோ டவுன்லோட் பண்ணாலும் கணக்கு கிடையாது, தம்பி அலாரம் வெச்சு எழுந்து இந்த வீடியோவாதான் எறக்குவான். காலைல அத பாத்து நான் சிரிச்ச சிரிப்புல அம்மா இட்லி மாவு கரண்டியோட வந்து எட்டிப் பாத்தாங்க.

அப்புறம் கேமுக்குள்ள போனேன். சிரிப்பா? மூணு நாள் ஓநாய் அடிச்சேன். தலைல மெழுகுவத்தி வெச்சுட்டு திரியுற கோபோல்டுங்க "என் மெழுகுவத்திய எடுக்காத"ன்னு கத்தும், அதுக்கு மட்டும் லேசா சிரிப்பு வந்துச்சு. செத்தா சுடுகாட்டுலேருந்து ஆவியா நம்ம பொணத்த தேடி ஓடணும், பாதி நேரம் அந்த ஓட்டம்தான். நாலாவது நாள் ஹாகர்னு ஒரு கழுதைப்புலி மூஞ்சிக்காரன், புதுசா வர்ற எல்லாரையும் போட்டுத் தள்றவன், அவன்கிட்ட நானும் யாருன்னே தெரியாத நாலு பேரும் மாத்தி மாத்தி அடி வாங்கினோம், ஒருத்தன் ஓட மத்தவனும் ஓட... அன்னிக்கு சிரிச்சேன் பாரு! நீ வீடியோல பாக்குற காமெடியும் இதேதான்மா, கூட நாலு பேர் இருந்தாதான் அது நடக்கும். தனியா ஆடினா பத்து பன்னி அடி, பத்து தோல் கொண்டா, அவ்ளோதான்.

அதனால காசு விஷயத்துல கொஞ்சம் கவனி. 20 லெவல் வரைக்கும் ஃப்ரீ. உன் லேப்டாப் தாங்குதா, கை பழகுதான்னு பாக்க அது போதும். ஆனா ஃப்ரீ அக்கவுண்ட்ல கில்டுல, அதான் சேர்ந்து ஆடுற கூட்டத்துல, சேர முடியாது, அதாவது நீ எதுக்கு வர்றியோ அதுதான் அதுல இல்ல. புடிச்சா ஒரே ஒரு மாசம் கட்டு. அமெரிக்கால 14.99 டாலர், அதுவா ரினியூ ஆகும், கட்டின அன்னிக்கே கேன்சல் பண்ணி வெச்சாலும் அந்த மாசம் ஓடும்.

சர்வர் எடுக்குறப்ப டைம் பாரு. நம்ம ஊர்ல சர்வர் கிடையாது. ஐரோப்பாக்காரங்க ராத்திரி 8 மணிக்கு கூடினா நமக்கு பன்னெண்டு ஆயிடும், அடுத்த நாள் பாப்பாவ யாரு பாக்குறது? ஆஸ்திரேலியா பக்கம்னா சிட்னில 8 மணி, நமக்கு மத்தியானம் மூணு மணி வாக்குல, பாப்பா தூங்குற நேரம். கில்டுல சேரும்போதே "நான் புதுசு, சிரிக்கத்தான் வந்தேன்"னு சொல்லிடு. மூஞ்சி திருப்புற கில்டுலேருந்து அன்னிக்கே வெளிய வந்துடு.

இன்னொண்ணு, ட்ரனாய்ங்குற இனத்துல ஆம்பளை கேரக்டர் எடுத்து சாட்ல ஸ்லாஷ் போட்டு டான்ஸ்னு இங்கிலீஷ்ல அடிச்சு பாரு. 2007ல அந்த இனம் கேமுக்குள்ள வந்தப்பவே அதுக்கு டலேர் மெஹந்தியோட துனக் துனக் பாட்டு ஸ்டெப்ப குடுத்துட்டாங்க, குளம்புக் காலோட நீல ராட்சசன் பாங்ரா ஆடுவான். அந்த நேரத்துக்கு உன் வீட்டுக்காரர கூப்பிடு.