வாசகர் கேள்விகள்: போர்க்காலத்தில் பத்தி எழுத்தாளர்கள்

கே: போர் நடக்கும்போது ஒரு பத்தி எழுத்தாளரால் அரசின் முடிவை மாற்ற முடியுமா? (திருச்சி வாசகர்)

ப: தனியாக மாற்றுவது அரிது. ஆனால் தயங்கி நிற்பவர்களின் கையில் ஒரு வாதத்தைக் கொடுத்துவிட முடியும். ஹவாயிலுள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கி இரண்டு மாதம் ஆகியிருந்த 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றுவதா என்று ராணுவத் துறைக்கும் நீதித் துறைக்கும் இழுபறி. 12ஆம் தேதி புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர் வால்டர் லிப்மனின் பத்தி நாடெங்கும் பல நாளிதழ்களில் வெளியானது. கரைப்பகுதியைப் போர்க்களமாகக் கருதுங்கள், போர்க்களத்தில் குடியிருக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றார். சில நாள்களில் வெஸ்ட்புரூக் பெக்லர் என்ற மற்றொரு பத்தியாளர், லிப்மனே சொல்லிவிட்டார் என்று அவரைச் சான்றாகக் காட்டி இன்னும் உரக்க எழுதினார். நீதித் துறைத் தலைவர் பிரான்சிஸ் பிடில் 17ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பிய குறிப்பில், தாக்குதலும் நாசவேலையும் வரப்போவதாக எழுதும் இந்தப் பத்திகள் ஆபத்தானவை, ராணுவமும் எஃப்.பி.ஐ.யும் சொல்வதற்கு மாறானவை என்று எச்சரித்தார். 19ஆம் தேதி, வெளியேற்றும் அதிகாரத்தை ராணுவத்துக்குத் தரும் 9066ஆம் ஆணையில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.

ஆணையைப் பிறப்பித்தது பத்தி என்று சொல்லமாட்டேன். வெளியேற்றும் திட்டம் அதற்கு முன்பே ராணுவ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்தது. மதிப்புமிக்க, நிதானமான எழுத்தாளர் என்று பெயரெடுத்தவர் எழுதியதால் அதற்குக் கௌரவம் கிடைத்தது. கூச்சலிடுபவரைவிட நிதானமானவரின் தவறுதான் போர்க்காலத்தில் அதிகம் செலவு வைக்கிறது.

கே: லிப்மன் வாதத்தில் எங்கே பிழை? (மதுரை வாசகர்)

ப: மேற்குக் கரையில் நாசவேலை எதுவும் நடக்கவில்லை. அந்த அமைதியையே அவர் ஆதாரமாக்கினார்: பெரிய அடியாக விழவேண்டும் என்று காத்திருக்கிறார்களாம். கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் எர்ல் வாரனும் இதையே சொன்னார். மேற்குக் கரை ராணுவத் தளபதி ஜெனரல் டிவிட்டின் 14ஆம் தேதிப் பரிந்துரையிலும் இதே தர்க்கம் இருக்கிறது. குண்டு வெடித்தாலும் குற்றவாளி, வெடிக்காவிட்டாலும் குற்றவாளி என்றால் குற்றமற்றவன் தன்னை நிரூபிக்க வழியே இல்லை. ஹவாயில் 1,50,000க்கும் அதிகமான ஜப்பானிய வம்சாவளியினர் இருந்தார்கள். அங்கே மொத்தமாக வெளியேற்றவில்லை, நாசவேலையும் நடக்கவில்லை. இன வெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகியவையே காரணம் என்று பின்னாளில் அரசு அமைத்த ஆணையம் கூறியது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலரும் மன்னிப்பும் தரும் சட்டம் 1988இல்தான் வந்தது.

கே: பத்தி எழுதிப் போரை நிறுத்தியதுண்டா? (கோவை வாசகர்)

ப: இதே லிப்மன் வியட்நாம் போரை எதிர்த்தார். 1965இல் அதிபர் ஜான்சன் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். குண்டுவீச்சு தொடர்ந்தது. இருவருக்கும் இடையே விரிசல்தான் மிஞ்சியது. அதிகாரம் போக நினைக்கும் திசையில் தள்ளுவது எளிது. எதிர்த்திசையில் இழுக்கப் பத்தி மட்டும் போதாது.

கே: போர்ச் சமயத்தில் பத்தியை எப்படிப் படிப்பது? (சேலம் வாசகர்)

ப: பென்சிலோடு படியுங்கள். எழுத்தாளர் தானே கண்டதற்கு ஒரு கோடு, பிறர் சொன்னதற்கு இரண்டு கோடு, ஊகத்துக்கு ஒரு வட்டம். பிறகு கடைசிப் பாராவில் அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். அந்தக் கோரிக்கை வட்டங்கள் மேல் மட்டும் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு கோடு போட்ட இடத்தில் சொன்னவர் யார், அந்த முடிவால் அவருக்கு என்ன லாபம் என்று கேளுங்கள். பெயர் இல்லாத அதிகாரிதான் எங்கும் வருகிறார் என்றால், அதே நாள் செய்திப் பக்கத்தில் அந்தத் தகவல் தனியாக உறுதியாகியிருக்கிறதா என்று தேடுங்கள். எது நடந்தால் இவர் கருத்தை மாற்றிக்கொள்வார் என்பதும் முக்கியமான கேள்வி. விடை பத்தியில் இல்லாவிட்டால், அதை வெட்டியெடுத்து, தேதி எழுதி வைத்து ஆறு மாதம் கழித்து மறுபடி படியுங்கள்.