காரில் வழி பார்க்க தனி ஜிபிஎஸ் கருவி வாங்கணுமா, போனே போதுமா?

மலைப்பக்கம் அடிக்கடி போவதாகவும், அங்கே டவர் கிடைக்காததால் தனியாக ஒரு ஜிபிஎஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கையில் இருக்கிற போனே போதும். ஆனால் கிளம்பும் முன் வீட்டில் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

போன வருடம் கோவையிலிருந்து வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஊர் போய்ச் சேரும் வரை ஒரு சிக்கலும் இல்லை, இருப்பதே ஒரு ரோடுதான். மறுநாள் நல்லமுடி பூஞ்சோலை வியூ பாயிண்டுக்குப் போகும்போது எஸ்டேட்டுக்குள் ஏதோ ஒரு பிரிவில் தப்பாகத் திரும்பிவிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலை, எல்லா ரோடும் ஒரே மாதிரி. டவர் சுத்தமாக இல்லை. திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம், நடுவில் நீலப் புள்ளி மட்டும் கார் போகப் போக நகர்ந்துகொண்டிருக்கிறது! கடைசியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காதான், "இது லைன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) போற வழிங்க, வந்த வழியே திரும்பிப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்.

புள்ளி நகர்ந்தது என்றால் ஜிபிஎஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைப் போன் வாங்கிக்கொள்கிறது, திருப்பி எதுவும் அனுப்புவதில்லை. நாலு செயற்கைக்கோளின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும், சிம்கூடத் தேவையில்லை. என்னிடம் இல்லாமல் போனது மேப், அது நெட்டில் வருவது. ஆகவே வீட்டு வைஃபையிலேயே கூகுள் மேப்ஸில் போகிற பகுதியை ஆஃப்லைனாக இறக்கிவிடுங்கள், கொஞ்சம் தாராளமாக, பக்கத்துத் தாலுகாவும் சேர்த்து. நெட் இல்லாதபோது டிராஃபிக் நிலவரமும் மாற்று வழியும் காட்டாது, மலையில் அது பெரிய நஷ்டமில்லை. அப்புறம், நெட் இல்லாத இடத்தில் போனை புதிதாக ஆன் செய்தால் உடனே இடம் காட்டவில்லையே என்று பதற வேண்டாம். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்று மெதுவாகத்தான் அனுப்பும், வானம் தெரிகிற இடத்தில் ஓரிரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

நண்பரின் கார்மின் ஈட்ரெக்ஸ் 20 என்ற தனி ஜிபிஎஸ் கருவியையும் ஒருமுறை காரில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பென்சில் பேட்டரியில் ஒரு நாள் முழுக்க ஓடும், காட்டில் நடக்க அருமையானது. ஆனால் 2.2 அங்குலத் திரை, வாய் திறந்து பேசவும் பேசாது. ஓட்டிக்கொண்டே அதை யார் உற்றுப் பார்ப்பது?

போனுக்கு எதிரி வெயில்தான். கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் வைத்து, சார்ஜும் போட்டால் கொதித்துப்போய் அணைந்தே விடும், எனக்கு ஒரு தடவை தாராபுரம் ரோட்டில் அப்படி ஆனது. இப்போது ஏசி வென்ட்டில் மாட்டும் ஸ்டாண்டு வைத்திருக்கிறேன், குளிர்காற்றே பார்த்துக்கொள்கிறது.

போலீஸ் பிடிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். அதற்காகக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஊர் பெயரைத் தட்டுவதெல்லாம் வண்டியை எடுக்கும் முன்பே, இல்லாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலை.