ஜிம்முக்கு எப்போது போகலாம், ஆபீஸுக்கு எப்படிப் போவது: புது அம்மாக்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் கோவையில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பிரசவம் ஆனவர்கள். எனக்கும் 20 மாதப் பையன் இருக்கிறான், சிசேரியன்தான். அவன் பிறப்பதற்கு முன்பு எல்லோரிடமும் "தினமும் அரை மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்கள்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது, அந்த அரை மணி நேரம் பிள்ளையை யார் வைத்துக்கொள்வார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். கேள்விகளை அனுப்பியவர்களுக்கு நன்றி. அவன் தூங்கத் தூங்க எழுதியது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிசேரியன் ஆகி 5 வாரம். வயிறு இன்னும் ஆறு மாசம் மாதிரி இருக்கிறது. தோழிகள் சேர்ந்து 30 நாள் பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பயிற்சி) ஆரம்பிக்கிறார்கள், நானும் சேரலாமா? (சேலம்)

வேண்டாம். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகும், நீங்கள் இன்னும் அந்த ஆறு வாரத்துக்குள்தான் இருக்கிறீர்கள். வெளியே தையல் ஆறியது போலத் தெரியும், உள்ளே அடுக்கடுக்காகப் போட்ட தையல் அப்படி இல்லை. இப்போதைக்கு வீட்டுக்குள் நடை, வயிறு ஏறி இறங்குவது தெரியும்படி மெதுவான மூச்சு, அவ்வளவுதான். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுங்கள். பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள், தண்ணீர்க் குடம் உட்பட.

ஆறாவது வாரம் டாக்டரைப் பார்த்த பிறகு வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரலை வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ, நடுவில் கூரை முகடு போல ஒரு மேடு எழும்பினாலோ வயிற்றுத் தசைகள் விலகி நிற்கின்றன என்று அர்த்தம். கர்ப்பத்தில் பெரும்பாலோருக்கு நடப்பதுதான், பலருக்கு மாதங்கள் போகப் போகத் தானாகக் குறையும். அந்த நிலையில் பிளாங்க், படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கும் கிரஞ்சஸ் என்று இறங்கினால் மேடு எழும்பிக்கொண்டே இருக்குமே தவிர வயிறு உள்ளே போகாது.

அம்மா வயிற்றில் துணி கட்டச் சொல்கிறார். கட்டினால் தொப்பை குறையுமா?

குறையாது. சிசேரியனுக்குப் பிறகு இருமும்போது, நடக்கும்போது பிடிமானமாக இருக்கும், வலி குறையும், அதற்காகக் கட்டலாம். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழ்நோக்கித்தான் போகும், அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

சுகப்பிரசவம், 7 மாசம் ஆகிறது. தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. வீட்டில் எல்லோரும் பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்கிறார்கள். ஆபீஸில் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. (பெயர் வேண்டாம்)

பலருக்கு வரும் என்பது உண்மை. அதனால் சகித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது பொய். என்னிடம் அறுபது வயதில் வந்து, முதல் பிள்ளை பெற்றதிலிருந்து இப்படித்தான் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள், இத்தனை வருஷம் கோயில், கல்யாணம் எங்கே போனாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு.

பெல்விக் ஃப்ளோர் என்கிற அடியிடுப்புத் தசைகள்தான் விஷயம். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தொட்டில் துணி போலத் தாங்குபவை. நாலு பேர் இருக்கும் இடத்தில் காற்று வெளியேறாமல் அடக்குவோமே, அந்த இறுக்கம்தான் பயிற்சி. 5 நொடி இறுக்கி, 5 நொடி முழுசாகத் தளர்த்தி, 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்காதீர்கள், தொடையையும் பிட்டத்தையும் சேர்த்து இறுக்காதீர்கள். நிறையப் பேர் இறுக்குவதை மட்டும் செய்துவிட்டுத் தளர்த்த மறந்துவிடுகிறார்கள், தளர்த்துவதும் பாதி வேலை. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. தும்மல் வருகிறது என்று தெரிந்தால் ஒரு நொடி முன்னாலேயே இறுக்குங்கள்.

பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். தசை பிடிபடவே இல்லை, அல்லது கீழே ஏதோ இறங்குவது போலக் கனமாக இருக்கிறது என்றால் நேரில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும், முக்கி முக்கி அதே தசை இன்னும் தளரும்.

அடுத்த மாசம் 26 வார லீவ் முடிகிறது. ஓ.எம்.ஆரில் வேலை, 300 பேர் இருக்கும் கம்பெனி. பால் எடுக்க இடம் கேட்டால் ஸ்டோர் ரூமைக் காட்டுகிறார்கள். (சென்னை)

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்குக் காட்டியது பழைய கேஸ் ஃபைல் அடுக்கிய அறை, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியைக் கதவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பேன். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் 12 வார லீவை 26 ஆக்கியது மட்டும்தான் எல்லோருக்கும் தெரிகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு தடவை அங்கே போய்ப் பார்க்கலாம் என்பதும் அதே திருத்தம்தான். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், லீவ் முடிந்த பிறகும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை நிறுவனத்தோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளை தவிர பாலூட்ட இரண்டு இடைவேளை என்பது 1961 சட்டத்திலேயே வந்துவிட்டது. ஹெச்.ஆரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். மெயிலுக்குத் தனி மரியாதை உண்டு.

பம்ப் செய்ய இரண்டு மூன்று வாரம் முன்பே பழகுங்கள். முதல் நாள் அரை அவுன்ஸ் வந்தால் அழ வேண்டாம். எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் இருக்கும். சென்னையில் ஏ.சி. இல்லாத அறை 25 டிகிரியில் எந்த மாசம் இருக்கிறது? அதனால் ஐஸ் பேக் வைத்த பைதான். சூடுபடுத்த வெந்நீரில் பாட்டிலை வைத்தால் போதும், மைக்ரோவேவ் கூடாது. பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு முன்பு 10 கி.மீ. ஓடுவேன். பிரசவமாகி 2 மாசம். எப்போது ஓடலாம்? ஓடிவிட்டு வந்தால் பால் புளித்துவிடுமா?

புளிக்காது. ஓடுவதற்கு முன்னால் பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு கனக்காமல் இருக்கும், அவ்வளவுதான் விஷயம். ஓட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள். அதன் பிறகும், அரை மணி நேரம் வேகமாக நடந்து, ஒற்றைக் காலில் பத்து தடவை குதித்து, கசிவோ கீழே கனமோ வலியோ இல்லையென்றால்தான் தொடங்கலாம், அதுவும் ஒரு நிமிடம் ஓட்டம் இரண்டு நிமிடம் நடை என்று. சானியா மிர்சாவுக்கு 2018 அக்டோபரில் பையன் பிறந்தான், அவர் திரும்ப ஆடி ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் டென்னிஸ் இரட்டையர் பட்டம் வென்றது 2020 ஜனவரியில். விளையாட்டையே தொழிலாக வைத்திருந்தவருக்கே ஒன்றேகால் வருஷம்.

மருமகள் டயட் என்று சொல்லி ராத்திரி வெறும் ஓட்ஸ் குடிக்கிறாள். பால் கொடுக்கிறவள் பத்தியமாக நெய், பூண்டு என்று சாப்பிட வேண்டாமா? சொன்னால் கேட்பதில்லை. (ஒரு மாமியார், திண்டுக்கல்)

அம்மா, நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். முதல் ஆறு மாதம் பாலூட்டும் பெண்ணுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு சுமார் 600 கலோரி அதிகம் தேவை, அது ஒரு நல்ல வேளைச் சாப்பாடு. அந்த வகையில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் நெய்யிலேயே அதை நிரப்ப வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகு வைத்துக் கொடுங்கள். பூண்டு பிடித்தால் சாப்பிடட்டும். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும் என்று மட்டும் தடுக்காதீர்கள். அவளுக்கும் ஒன்று சொல்லுங்கள்: வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் பாலுக்குப் பாதகமில்லை, அதைவிட வேகம் வேண்டாம்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உயிர் போகிற வலி. பிள்ளையைத் தூக்கவே முடியவில்லை.

அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்துத் தூக்குகிறீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை முதுகில் கொடுத்து வாரி எடுங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் பட்டை போட வேண்டியிருக்கும், போய்க் காட்டுங்கள்.

நான் வேண்டிய அளவு உதவி செய்கிறேன், ஆனாலும் மனைவி எப்போதும் எரிச்சலாகவே இருக்கிறாள். ஜிம் மெம்பர்ஷிப்கூட வாங்கிக் கொடுத்தேன். (ஒரு அப்பா)

தம்பி, பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்று அவரைக் கேட்காமல் சொல்ல முடியுமா? 6, 10, 14 வாரம், அப்புறம் 9 மாதம். அந்த அட்டையை இனி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நாள் பார்ப்பது, கூட்டிப் போவது, அன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது எல்லாம் சேர்த்து. மெம்பர்ஷிப் நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் ஜிம்முக்குப் போகும் நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கும் என்று அதில் எழுதியிருக்காது. காலை 6 முதல் 7 வரை பிள்ளை உங்களிடம், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த நேரத்தில் அவர் தூங்கினாலும் கேட்காதீர்கள்.

3 மாசம் ஆகிறது. உடற்பயிற்சியை விடுங்கள், குளிக்கவே தோன்றவில்லை. பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. மோட்டிவேஷன் வர என்ன செய்வது?

தங்கச்சி, இது மோட்டிவேஷன் பிரச்சனை இல்லை, சோம்பலும் இல்லை. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது தானாகப் போய்விடும். மூன்று மாதம் ஆகியும் இப்படி என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை இருக்கிறது, பாலூட்டும்போது எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், தைராய்டும் ரத்தசோகையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுமே இதே மாதிரி ஆளைச் சாய்க்கும். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று நினைப்பு வந்தால் தனியாக இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14416 என்பது அரசின் மனநல உதவி எண் (டெலிமானஸ்), இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. லீவ் என்றால் வேலையை விட்டு நின்றுவிடு என்கிறார்கள். (தங்கைக்காகக் கேட்கிறேன்)

பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே சட்டப்படி லீவுக்கு உரிமை உண்டு, லீவில் இருக்கும்போது வேலையை விட்டு எடுக்க முடியாது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் பேறுகாலப் பணம் அங்கிருந்து வரும், அதற்கு இ.எஸ்.ஐ.யின் கணக்கு வேறு, அவர்கள் கிளையில் நேரே போய்க் கேளுங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் இப்போதே போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எப்போது உடற்பயிற்சி செய்கிறீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்!

வாரத்தில் மூன்று நாள், 25 நிமிடம், கிளினிக்கில் கடைசி நோயாளி போன பிறகு. வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்றால் கால் பாயில் படும் முன்பே அவன் முதுகில் ஏறிவிடுவான். போன வாரம் ஒரு நாள்கூடச் செய்யவில்லை, அவனுக்குச் சளி.