தம்பி தன்னையே அறைந்துகொள்கிறான், என்ன செய்வது?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது, டவுன் சிண்ட்ரோம். சாதுவாக இருந்தவன் 2 மாதமாகக் கன்னத்தில் அறைந்துகொள்கிறான், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான், ராத்திரி தூக்கமும் இல்லை. டாக்டர் ‘இவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்’ என்று அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதிவிட்டார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் மாறிவிடும் என்று ஒருவர் விடாமல் போன் செய்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். மாத்திரையை ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், எழுதியவரிடம் கேட்டுவிட்டே குறையுங்கள்.

31 வருஷம் சாதுவாக இருந்தவர் 2 மாதத்தில் மாறினால் அதற்கு டவுன் சிண்ட்ரோம்தான் காரணம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது, அது பிறந்ததிலிருந்தே இருக்கிறதே! எங்கேயோ வலிக்கிறது, அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கன்னத்தில் அடி, சாப்பாடு வேண்டாம் என்றால் நான் முதலில் பல்லையும் ஈறையும் பார்ப்பேன், அடுத்து காது. அப்புறம் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், ரத்தத்தில் தைராய்டு. தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருக்கிறதா என்று கவனியுங்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலருக்கும் அந்தத் தொந்தரவு வருகிறது. மறதி நோயாக இருக்குமோ என்று இந்த வயதிலேயே பயப்பட வேண்டாம்.

கழுத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோமில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் சேரும் இடம் தளர்வாக இருக்கலாம். பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வராது, எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் நடை மாறினால், கை கால் பலவீனமானால், புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமல் போனால், கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தால், மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று: பல் பிடுங்க மயக்கம் கொடுக்க வேண்டிவந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் டவுன் சிண்ட்ரோம் என்பதையும் கழுத்து விஷயத்தையும் நீங்களே சொல்லுங்கள். கோப்பில் இருக்குமே என்று இருந்துவிடாதீர்கள், கோப்பை யாரும் படிப்பதில்லை.

சரி, ஊசிக்காரர். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் கூடுதலாக இருக்கும் 21-ஆம் குரோமோசோம். அது உடம்பின் செல்களிலெல்லாம் இருக்கிறது, அதை ஊசி போட்டு எடுக்க முடியாது. டவுன் சிண்ட்ரோமுக்கு நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லை. ‘இது ஆராய்ச்சி, அதனால்தான் பணம்’ என்பார்கள். நேர்மையான ஆராய்ச்சியில் சோதித்துப் பார்க்கும் மருந்துக்குப் பங்கேற்பவரிடம் லட்சக்கணக்கில் கேட்க மாட்டார்கள். குணமான பிள்ளையின் வீடியோ அனுப்புவார்கள், இந்த வாரம் சேர்ந்தால் தள்ளுபடி என்பார்கள், போன் செய்பவர் பிறர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் தரகர் என்பதும் உங்களை அனுப்பிவைத்தால் அவருக்குக் கமிஷன் என்பதும் கடைசிவரை தெரியாது. மூளைக்குச் சத்து என்று பொடி விற்பவர்களும் இதே ரகம்தான். அக்கா, அண்ணன், அம்மா என்று வீட்டில் யார் மனம் உடைந்திருக்கிறார்களோ அவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். எண்ணைத் தடுத்துவிடுங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

எனக்கு அவரைவிட டாக்டர்மேல்தான் கோபம். மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் சிகிச்சை வேண்டும் என்று ஐநா உடன்படிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது, இன்னமும் 5 நிமிடத்தில், நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், கூட வந்தவரிடம் பேசி முடித்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை போகும்போது கூட்டம் இல்லாத நேரமாகக் கேளுங்கள். அறைந்துகொள்வதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், எப்போது, சாப்பிடும்போதா படுக்கும்போதா என்று குறித்துவையுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் அது நடக்காது. பரிசோதிக்கும் கருவியை முதலில் தம்பியின் கையில் கொடுத்துக் காட்டும்படி டாக்டரிடம் சொல்லுங்கள், கேள்வியையும் தம்பியிடமே கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் ‘இப்படித்தான்’ என்றால், ‘இந்தக் குறைபாடு இல்லாத 31 வயதுக்காரர் இதே தொந்தரவோடு வந்தால் என்ன பரிசோதனை எழுதுவீர்கள்? அதையே எழுதுங்கள்’ என்று கேளுங்கள். மறுத்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். ஆனால் பல் டாக்டரிடம் இந்த வாரமே போய்விடுங்கள், அதற்கு யாருடைய சீட்டும் தேவையில்லை.