ஆர்மீனிய மொழியின் பறவைப் பெயர்கள் பெரும்பாலும் பாரசீகக் கடன்தானா?

இல்லை. கழுகு, பருந்து, கொக்கு, கோழி ஆகியவற்றின் ஆர்மீனியப் பெயர்கள் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலிருந்து (கிரேக்கம், இலத்தீன், வடமொழி, ஈரானிய மொழிகள் ஆகியவற்றின் பொதுத் தாய்மொழி) நேர்வழியில் வந்தவை. ஈரானிய மொழிகளிடம் வாங்கியவற்றில் வேட்டைக்கும் அரசவைக்கும் உரிய பறவைகளின் பெயர்கள் முக்கியமானவை: பஸே (ராஜாளி), ஷாஹேன் (வைரி), ஸிராமார்க் (மயில்). ஈரானியரான பார்த்தியரின் அரசமரபுக் கிளை ஒன்று கி.பி. 428 வரை ஆர்மீனியாவை ஆண்டது. கடன் சொற்கள் அந்த அளவுக்குக் குவிந்ததால் ஆர்மீனியத்தையே ஈரானிய மொழி என்று அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். அது இந்தோ-ஐரோப்பியத்தின் தனிக்கிளை என்று 1875-இல் ஜெர்மானிய மொழியியலாளர் ஹூப்ஷ்மான் நிறுவினார்.

கடனையும் மரபுச் சொல்லையும் பிரிப்பது ஒலிமாற்ற விதிதான். மூலமொழியின் 'g' ஒலி ஆர்மீனியத்தில் வல்லின 'க்' ஆகும். கொக்கைக் குறிக்கும் 'க்ருங்க்' அப்படிப்பட்டது. கிரேக்க 'கெரனோஸ்', இலத்தீன் 'க்ரூஸ்' இரண்டும் இதன் உறவு. கோழியைக் குறிக்கும் 'ஹவ்' என்பதற்கு இலத்தீன் 'அவிஸ்', வடமொழி 'வி' உறவு. சொல்லின் தொடக்கத்தில் இருந்த தொண்டை ஒலியை அவ்விரண்டும் இழந்துவிட்டன. ஆர்மீனியம் அதை 'ஹ்' என்று காத்து வைத்திருக்கிறது. ஆனால் பொருள் சுருங்கிவிட்டது. பழைய நூல்களில் 'ஹவ்' என்றால் பொதுவாகப் பறவை, இன்று கோழி. பறவைக்கான பொதுச்சொல் இப்போது 'த்ருச்சுன்', அதாவது பறப்பது. இது தெரியாமல் 5ஆம் நூற்றாண்டு நூலைப் படித்தால் வானத்தில் கோழிகள் பறக்கும். வான்கோழிக்கு 'ஹ்ந்த்கஹவ்', இந்தியக் கோழி என்று பெயர். பறவையோ அமெரிக்காவுடையது. துருக்கியர்களும் அதை 'ஹிந்தி' என்றே அழைக்கிறார்கள்.

கழுகின் பெயர் 'அர்த்ஸிவ்'. வடமொழியில் இதற்கு ஒத்தது 'ரிஜிப்ய'. அங்கே 'ஜ' நிற்கும் இடத்தில் ஆர்மீனியத்தில் 'த்ஸ்' நிற்பது விதிப்படியே. ஜார்ஜிய மொழி இதைக் கடன் வாங்கி 'அர்ட்சிவி' என்கிறது. வான் ஏரியைச் சுற்றியிருந்த பழைய அரசான உரார்த்துவின் மன்னன் மெனுவாவின் குதிரைக்குப் பெயர் அர்சிபி. அது 22 முழம் தாண்டியதாக வான் ஏரிப் பகுதிக் கல்வெட்டு சொல்கிறது. காலம் கி.மு. 800-ஐ ஒட்டியது. ஆர்மீனிய எழுத்து பிறக்க இன்னும் 1,200 ஆண்டுகள் இருக்கும்போதே இந்தச் சொல் அண்டை மொழிக்குப் போயிருந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. ஆர்மீனியச் சொற்களில் எனக்கு இதைவிடப் பிடித்த சான்று இல்லை.

பருந்துக்கு 'த்ஸின்'. கிரேக்க 'இக்தினோஸ்', வடமொழி 'ச்யேன' இரண்டும் இதன் உறவு. ரிக் வேதம் நான்காம் மண்டலத்தில் சோமத்தைக் கொண்டுவரும் ச்யேனத்துக்கு அடைமொழியே ரிஜிப்யதான். அங்கே ஒரே பறவைமேல் ஒட்டிநிற்கும் இரண்டு சொற்கள், ஆர்மீனியத்தில் கழுகாகவும் பருந்தாகவும் பிரிந்து நிற்கின்றன.

அதே ச்யேன வேர் ஈரான் வழியாக இன்னொரு முறையும் ஆர்மீனியத்துக்குள் வந்தது. 'சேன்' என்ற ஈரானிய வடிவத்தோடு பறவையைக் குறிக்கும் 'மர்க்' சேர்ந்து மயிலுக்கு ஸிராமார்க் ஆனது. பாரசீகப் புராணப் பறவை 'சீமுர்க்' இதன் உடன்பிறப்பு. ஓட்டல் மெனுவில் வரும் 'முர்க்' இந்த மர்க்தான். நம் 'மிருகம்' எந்த வடசொல்லிலிருந்து வந்ததோ, அதுவும் இதே வேர். 'சேன்' எப்படி 'ஸிரா' ஆயிற்று? அழுத்தம் நகர்ந்தால் ஆர்மீனியத்தில் 'ஏ', 'இ' ஆகும்: அன்பு 'சேர்', அன்பு செய்ய 'ஸிரெல்'. னகரம் ரகரமானது விதிப்படி அல்ல. அன்பு என்ற சொல்லின் சாயல் ஏறியதால் என்பதே பொருத்தமான விளக்கம். ஆகவே மயிலுக்கு 'காதல் பறவை' என்று பொருள் சொல்வது பிற்காலத்து ஒட்டு.

ஒலிக்குறிப்புப் பெயர்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. குயிலினத்துக்கு 'க்கு', கொண்டலாத்திக்கு 'ஹோபோப்', ஆந்தைக்கு 'பு' (bu). இலத்தீனிலும் ஆந்தை 'பூபோ' என்பதால் உறவு என்று எழுதிவிடுகிறார்கள். மூலமொழியின் 'b' ஆர்மீனியத்தில் 'p' ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. காரணம், அலறலை ஒவ்வொரு மக்களும் தம் காதால் கேட்டுப் புதிதாகப் பெயர் வைப்பதுதான். இத்தகைய சொல்லை உறவுக்குச் சான்றாக்கக் கூடாது. கௌதாரியின் 'ககாவ்' குரலிலிருந்து பிறந்தது. அதிலிருந்து 'ககாவெல்', நடனமாடு என்ற வினை கிளைத்தது.

நீங்களே ஒரு பெயரை ஆராய, முதலில் செவ்வியல் எழுத்துவடிவத்தை எடுங்கள்; அர்த்ஸிவின் பழைய வடிவம் 'அர்த்ஸுயி'. பிறகு சிறுமைப் பின்னொட்டு '-அக்' இருந்தால் கழற்றுங்கள். எரெவானின் த்ஸித்ஸெர்னகபெர்த் குன்றின் பெயரில் 'பெர்த்' கோட்டை, 'த்ஸித்ஸெர்னக்' தகைவிலான். அக் போனால்தான் கீச்சொலி தெரியும். மிஞ்சுவதை ஒலிமாற்ற விதியோடு வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கடனா, ஒலிக்குறிப்பா என்று தேடுங்கள்.

கையில் இருக்க வேண்டியது ஆர்மீனிய மொழியியலாளர் ஹ்ராச்யா அச்சார்யனின் வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1926–1935). அதில் ஒரு கவனம் வேண்டும். ஒவ்வொரு சொல்லின் கீழும் முன்னோர் சொன்ன கருத்துகளை, தவறானவை உட்பட, அவர் தொகுத்துத் தருகிறார். அந்தப் பகுதியிலிருந்து ஒரு வரியை உருவி, அச்சார்யனே அப்படிச் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் முடிவு அந்தத் தொகுப்புக்கு வெளியே, தனியாக இருக்கும்.