மனை விற்கப் போட்ட தண்டவாளம்

கேள்வி: ஜப்பானில் புறநகர் ரயில்களைத் தனியார் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக நடத்தி வருகின்றனவாமே, டிக்கெட் பணத்தை மட்டும் நம்பி அவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? ஏதேனும் ஒரு ஸ்டேஷனை வைத்து விளக்க முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: டிக்கெட் பணமும் அங்கே கணிசமான வருமானம்தான். ஆனால் அந்த டிக்கெட்டை வாங்கும் பயணியையே நிறுவனங்கள் உருவாக்கிக்கொண்டன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. டோக்கியோவின் தென்மேற்கே, டோக்யூ நிறுவனத்தின் டோயோகோ தடத்தில் உள்ள டெனென்சோஃபு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே ஊர் இருந்ததால் ரயில் வரவில்லை. மனை விற்க வேண்டியிருந்ததால்தான் வந்தது. இன்று 10,000 யென் நோட்டில் முகம் காட்டும் தொழிலதிபர் ஷிபுசாவா எயிச்சி முதலியோர் 1918இல் ஒரு தோட்டநகர நிறுவனத்தைத் தொடங்கி, விளைநிலங்களை வாங்கி மனை பிரிக்கத் திட்டமிட்டார்கள். நகரத்துக்குப் போய்வர வழியில்லாத மனையை யார் வாங்குவார்கள்? ஆகவே அந்நிறுவனத்தின் ரயில் பிரிவு 1922இல் மெகுரோ – கமாடா மின்ரயில் நிறுவனமாகத் தனியே பிரிக்கப்பட்டது; இன்றைய டோக்யூவின் முன்னோடி இதுதான். நிலையம் 1923 மார்ச்சில் திறக்கப்பட்டது. இங்கு மனை விற்பனை அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது.

அடுத்த மாதமே, செப்டம்பர் 1 அன்று, கான்டோ பெருநிலநடுக்கம் டோக்கியோவின் பழைய நெரிசல் பகுதிகளைத் தீக்கிரையாக்கியது. வீடிழந்தவர்களும் வீடிருந்தும் அஞ்சியவர்களும் புறநகரை நாடினார்கள். யாரும் திட்டமிடாத இந்தப் பேரிடர்தான் தோட்டநகருக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம் என்று சொன்னால், கேட்கக் கசப்பாக இருந்தாலும், தவறாகாது.

இந்த வித்தையை முதலில் செய்து காட்டியவர் ஒசாகா பக்கத்தில் இருந்த கொபயாஷி இச்சிஸோ. இன்றைய ஹான்க்யூ தடம் 1910இல் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், இகேடா என்னும் ஊரில் மாதத் தவணைக்கு வீடு விற்றார். தடத்தின் ஒரு முனையான டகராசுகாவில் பெண்களே நடிக்கும் இசை நாடகக் குழுவை அமைத்து, விடுமுறை நாளிலும் வண்டியை நிரப்பினார். மறுமுனையான உமேடா நிலையத்தில் 1929இல் பல்பொருள் அங்காடியைத் திறந்தார். டோக்கியோ தோட்டநகரக்காரர்கள் இவரிடம் யோசனை கேட்டபோது, ரயிலை நடத்த, ரயில்வே அமைச்சகத்தில் பணியாற்றியிருந்த கோட்டோ கெய்டாவைப் பரிந்துரைத்தவரும் இவரே.

கோட்டோ ஒரு படி மேலே போனார். காலையில் எல்லோரும் நகரத்தை நோக்கியே போனால் எதிர்த்திசை வண்டி காலியாகத்தானே ஓடும்? அதற்காக, டோயோகோ தடத்தின் நடுவில் உள்ள ஹியோஷியில் இலவசமாக நிலம் கொடுத்து கெய்யோ பல்கலைக்கழகத்தை அழைத்து வந்தார். 1934இல் வளாகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அத்தடத்தின் டோக்கியோ முனையமான ஷிபுயாவில் டோயோகோ பல்பொருள் அங்காடியும் வந்துவிட்டதால், அலுவலக நேரம் முடிந்த பிறகும் வண்டிகளுக்கு ஆள் கிடைத்தது. வீடு, கல்லூரி, கடை எல்லாம் ஒரே தடத்தில் இருக்க, எங்கே போனாலும் காசு ஒரே கல்லாவில் விழுந்தது.

கேள்வி: படத்தில் பார்த்தால் அந்த நிலையம் ஐரோப்பியக் கிராமத்து வீடு போல் இருக்கிறதே, அது 1923இல் கட்டியதுதானா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வடிவம் 1923ஆம் ஆண்டுடையது, கட்டடம் அப்படியல்ல. தடங்களைத் தரைக்குக் கீழே இறக்கும் பணிக்காக 1990இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். 2000இல் பழைய தோற்றத்தில் மறுபடியும் எழுப்பினார்கள். மடிப்புக் கூரையும் வளைவு வாசலும் அப்படியே இருக்கின்றன, ஆனால் டிக்கெட் வாயில் இப்போது அதற்குள் இல்லை. அதன் மேற்குப் பக்கம் இறங்கினால், நிலையத்தை மையமாகக் கொண்டு விசிறிபோல் விரியும் தெருக்களும், அவற்றை வெட்டிச் செல்லும் அரைவட்டத் தெருக்களும், கிங்கோ மரச் சாலையும் இன்றும் உள்ளன. மனையில் பாதிக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற தொடக்ககால நிபந்தனையால் மரங்களுக்கு இடம் கிடைத்தது. இத்தனை பேர்பெற்ற செல்வந்தர் பகுதியாக இருந்தும், டோயோகோ தடத்தின் மிக விரைவு வண்டி இங்கே நிற்பதில்லை; ஷிபுயாவிலிருந்து வரும்போது இதற்கு முந்தைய நிலையமான ஜியுகாவோகாவில் நிற்கும். அங்கே ஓயிமாச்சி தடத்துக்கு மாறலாம் என்பதால், இது நியாயமான ஏற்பாடுதான்.

கேள்வி: ஒரே வண்டி பல நிறுவனங்களின் தண்டவாளத்தில் ஓடுமாமே?
– வாசகர், ஈரோடு

பதில்: ஓடும். 2013 மார்ச் முதல், யோகோஹாமா பக்கமிருந்து டெனென்சோஃபு வழியே வரும் டோயோகோ வண்டிகள் பல ஷிபுயாவில் நின்றுவிடாமல் டோக்கியோ மெட்ரோவின் சுரங்கத்தடத்தில் நுழைந்து, அதற்கப்பால் செய்பு, டோபு நிறுவனங்களின் தடங்கள்வரை செல்கின்றன. தண்டவாள அகலம் எல்லோருக்கும் 1,067 மில்லிமீட்டராக இருப்பதால் இது கைகூடுகிறது. பயணி இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. ஷிபுயா நடைமேடையில் டோக்யூ ஓட்டுநர் இறங்க, மெட்ரோ ஓட்டுநர் ஏறிக்கொள்வார். கட்டணத்தை மட்டும் ஒவ்வொரு நிறுவனமும் தன் தடத்துக்குத் தனியே கணக்கிட்டு வாங்கிக்கொள்ளும்.