சுவர்க்கோழி வேண்டாம், சிப்பாய் ஈ வளருங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் 150 நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். தீவனம் வாங்கியே கட்டுப்படியாகவில்லை. இனி இறைச்சிக்குப் பதில் பூச்சிதான், தாய்லாந்து மாதிரி சுவர்க்கோழிப் பூச்சி வளர்த்து விற்கலாம் என்கிறார் நண்பர். இறங்கலாமா?

பதில்: தாய்லாந்து விஷயம் உண்மைதான். 1990-களின் கடைசியில் தொடங்கிய தொழில் அது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் எழுதியபோது அங்கே சுமார் 20,000 பண்ணைகள் இருந்தன. சிமென்ட் தொட்டியில் முட்டை அட்டைகளை அடுக்கி வளர்க்கிறார்கள். ஒன்றரை மாதத்தில் அறுவடை.

ஆனால் அந்தப் பூச்சிக்கு அவர்கள் பெரும்பாலும் போடுவது எது தெரியுமா? கடையில் வாங்கும் கோழித்தீவனம்! மாட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் தீவனம் மிச்சம்தான். கறிக்கோழியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. தீவன விலையால் நொந்திருக்கும் உங்களுக்கு இது எதற்கு?

விற்பதிலும் சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் ஈசல் பிடித்துப் பொரியோடு வறுத்துத் தின்பது நம் ஊர்ப் பழக்கம்தான். பொட்டலம் போட்டு விற்பது வேறு கதை. தரம் வரையறுக்கப்படாத உணவு எதுவானாலும், 2017 விதிப்படி உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முன் அனுமதி பெற வேண்டும். அப்புறம், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமை தரலாம். அதையும் பொட்டலத்தில் எழுத வேண்டியிருக்கும்.

என் யோசனை, பூச்சியைக் கோழிக்குக் கொடுங்கள், கோழியை விற்றுக்கொள்ளலாம். அதற்கு ஏற்றது கறுப்பு சிப்பாய் ஈயின் (ஆங்கிலத்தில் Black Soldier Fly) புழு. அழுகிய காய்கறிதான் அதன் தீனி. உங்கள் ஊர்ச் சந்தையில் அதற்குப் பஞ்சமே இல்லை. உலர்ந்த புழுவில் சுமார் 40 சதவீதம் புரதம், சுண்ணாம்புச் சத்தும் நிறைய. வளர்ந்த ஈ தீனி தேடி அலையாது என்பதால் வீட்டு ஈ போல நோய் பரப்பும் பயமில்லை.

நிழலில் ஒரு தொட்டியில் புளித்த கழிவைப் போட்டு, அதற்கு மேலே ஈரம் படாமல் மடிப்பு அட்டையைத் தொங்கவிடுங்கள். காட்டு ஈக்களே வந்து அட்டை இடுக்கில் முட்டையிடும். நான்கு நாளில் பொரியும்; இரண்டு, மூன்று வாரத்தில் புழு பருக்கும். 100 கிலோ கழிவுக்கு 15 முதல் 20 கிலோ உலர்த்தாத புழு எதிர்பார்க்கலாம். தொட்டியின் ஒரு பக்கத்தைச் சரிவாகக் கட்டினால், முற்றிக் கறுத்த புழுக்கள் தாமே ஏறி வந்து வாளியில் விழும். அவற்றில் கொஞ்சத்தை ஈயாக மாற விடுங்கள். எறும்புதான் முதல் எதிரி. தொட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

மருந்து அடித்த காலிஃபிளவர் இலையைக் கொட்டிவிடாதீர்கள், புழு செத்துவிடும். செத்த கோழியையும் கறிக்கடைக் கழிவையும் போடவே கூடாது. கழிவு சொதசொதவென்று இருந்தால் தவிடு கலந்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் நாற்றத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார்.

கோழிக்குப் புழுவை மட்டுமே போடக் கூடாது, கொழுப்பு அதிகம். மக்காச்சோளம், தவிடு, கீரையோடு சேர்த்து, முதலில் பத்தில் ஒரு பங்காகத் தொடங்குங்கள். குஞ்சுகளுக்கு மட்டும் போதுமென்றால் இவ்வளவு ஏற்பாடுகூட வேண்டாம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானைக்குள் ஏறிய கரையானைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் பார்த்துக்கொள்ளும்.